சண்முகக்கனியின் ஈரம்

அறுபத்தைந்தாவது வயதில், மூத்தோர் நீச்சல் போட்டியில் நூறு மீட்டரை ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடியில் நீந்தி, பதினோரு வருஷமாக யாரும் தொடாமல் கிடந்த மாநில சாதனையை உடைத்துவிட்டுக் கரையேறிய ஆவரம்பட்டி சண்முகக்கனிக்கு அன்றைக்கு உடம்பு உலரவில்லை. துவட்டினாள், உலரவில்லை. வெயிலில் நின்றாள், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள், சேலை மாற்றினாள், மாற்றிய சேலையும் நனைந்தது. மெடல் வாங்கும்போது மேடைப் பலகை நனைந்தது, கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்ட சங்கச் செயலாளரின் சட்டைக்கை நனைந்தது, ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் நனைந்து, அங்கிருந்து தண்ணீர் நடைபாதையில் ஓடி, படிக்கட்டு வழியே ரோட்டில் இறங்கி, நாற்பது கிலோமீட்டரும் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கோடாகவே வந்தது. கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, குடம் எதுவும் கவுந்திருச்சா?" என்று கேட்டார். இல்லை என்று அவளுடைய வீட்டுக்காரர் பால்வண்ணம் பதில் சொன்னார். கண்டக்டரும் அதோடு விட்டுவிட்டார், பஸ்ஸில் எத்தனையோ நடக்கும்.

இந்தப் பால்வண்ணம் யார் என்று இப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் கடைசியில் அவர் தலையில்தான் வந்து விடிந்தது. ஆவரம்பட்டிப் பேரூராட்சியில் முப்பத்திரண்டு வருஷம் குழாய்த் தண்ணீர் திறந்துவிட்டவர். நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு தெருத்தெருவாகப் போவார், மூடியைத் தூக்குவார், சாவியை இறக்கித் திருகுவார். கரிசல் காட்டு நடுவில் இருக்கிற ஊர், பதினான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர், அதுவும் ஒரு தெருவுக்கு முக்கால் மணி நேரம். மழை பெய்யாததற்கும் தொட்டி நிரம்பாததற்கும் மோட்டார் எரிந்துபோனதற்கும் ஊர் அவரைத்தான் வைதது. செத்த வீட்டில் மாலை போடப் போனாலும், "இந்தா வந்துட்டாரு, எங்க தெரு முறை என்னைக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். வெறுங்குடத்தோடு ஒருத்தர் முன்னால் நின்றால் அவர் கை தானாகச் சாவியைத் தேடும், ஓய்வு பெற்ற பிறகும் அது போகவில்லை.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு வாய்த்தவள் தண்ணீரிலேயே வளர்ந்தவள். சண்முகக்கனிக்கு முன்னால் அவள் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்து, ஒன்றரை வயதில் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து போய்விட்டது. அதற்கும் சண்முகக்கனி என்றுதான் பேர். போன பிள்ளையின் பேரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம், போனது திரும்பி வந்துவிட்டது என்று ஒரு ஆறுதல். திரும்பி வந்ததையும் கிணற்றுக்குக் கொடுக்க மாட்டேன் என்று அவள் அப்பா மூன்று வயதிலேயே இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி அதே கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்கினார். ஐம்பத்தாறு வயது வரைக்கும் கிணறுதான். சத்துணவு அமைப்பாளராக இருந்தவள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் துணையாக மாவட்ட நீச்சல் குளத்துக்குப் போன இடத்தில், ஆழத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பிள்ளையைச் சேலையோடு குதித்துத் தூக்கி வந்தாள். அங்கிருந்த பயிற்சியாளர் பிள்ளையைக்கூடப் பார்க்கவில்லை, இவள் கை வீசி வந்த வேகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டு ஒரு படிவத்தை நீட்டினார். முதல் தடவை முழங்கால்வரை நீச்சல் உடை போட்டுக்கொண்டு அவள் நின்ற படம் பத்திரிகையில் வந்தபோது ஊர்ப் பெண்கள் ஒரு மாதம் பால்வண்ணத்தின் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

அதே பெண்கள்தான் பிற்பாடு அந்த உடையை முறை வைத்துத் துவைத்துப் போட்டார்கள். எப்படி என்றால், அந்தச் சாதனை நாளில் பஸ்ஸில் இருந்து இறங்கி வந்து அவள் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள், விடியும்போது முற்றம் குளமாகிக் கிடந்தது. கூந்தல் நுனியிலும் முழங்கையிலும் முந்தானையிலும் இருந்து தண்ணீர் நிதானமாக இறங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வீணாகப் போகிறதே என்று ஒரு சட்டியைப் பிடித்துவைத்து, அதில் பருப்பு போட்டாள். ஆவரம்பட்டி உப்புத் தண்ணீரில் மூன்று மணி நேரம் கொதித்தாலும் வேகாத பருப்பு, அரை மணியில் குழைந்தது. அன்று மதியம் முற்றத்தில் நாற்பது குடம் நின்றது.

பால்வண்ணம் பரணில் இருந்து பழைய முறை நோட்டை எடுத்தார். திங்கள் மேலத்தெரு, செவ்வாய் காளியம்மன் கோயில் தெரு, புதன் சர்ச் தெரு என்று முப்பத்திரண்டு வருஷம் எழுதிய அதே வரிசையில் எழுதினார். வீட்டுக்கு மூன்று குடம், கர்ப்பிணி இருந்தால் நான்கு. நாற்காலிக்குக் கீழே சிமெண்டுத் தொட்டி கட்டி ஒரு குழாய் வைத்தார்கள். டவுன் பஸ்ஸில் அவள் உட்காரும் சீட்டுக்கு அடியில் ஒரு துளை போட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் முதல் பத்திரிகையை அவளுக்குக் கொடுத்து, "மைனி, நீங்க முந்தின நாளே வந்து சமையல்கட்டுல உக்காந்துரணும்" என்றார்கள். பூசாரி இது அம்மன் தண்ணீர் என்றார், பாதிரியார் ஆண்டவர் சித்தம் என்றார், இரண்டு பேரும் ஆளுக்கு மூன்று குடம் வாங்கிப் போனார்கள். தாலுகா ஆபீசில் இருந்து இரண்டு பேர் வந்து பார்த்து, காபி குடித்து, பருப்பு நன்றாக வெந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய், ஆவரம்பட்டிக்கான கோப்பில் 'நீர் ஆதாரம்: சண்முகக்கனி, வயது 65' என்று எழுதி, வாரத்துக்கு இரண்டு தடவை வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரியை நிறுத்திவிட்டார்கள். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாற்பதாவது நாள் அவள் கூந்தல் காய ஆரம்பித்தது. ஒரு சாதனைக்கு நாற்பது நாள் தண்ணீர் என்று ஊருக்குப் புரிந்தது. அடுத்த போட்டியில் ஐம்பது மீட்டரை உடைத்தாள், திரும்ப ஊறியது. பிறகு இருநூறு, பிறகு மல்லாக்க நீந்துவது, பிறகு மார்பு நீச்சல். எல்லாம் முடிந்ததும் தன்னுடைய சாதனையைத் தானே உடைத்தாள். கிரிக்கெட் ஸ்கோர் எழுதுகிற டீக்கடைப் போர்டில் அவளுடைய அன்றாடப் பயிற்சி நேரத்தை எழுதினார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் விநாடியில் பாதி என்ன, கால் என்ன என்று பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு முட்டை வந்தது, ஆட்டுக்கால் சூப்பு வந்தது, தோளுக்குத் தேய்க்க நல்லெண்ணெய் வந்தது. வேண்டாம் என்று சொல்லக் கனிக்கு வழி இல்லை, பால்வண்ணத்துக்கும் வழி இல்லை.

ஒரு நாள் குளத்தில் இருந்து ஏறி வந்தவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரிடம் சொன்னாள், "தண்ணிக்குள்ள இருக்கிற ரெண்டு நிமிசந்தாங்க என்னைய யாரும் கூப்பிடறதில்ல. அதுக்காகத்தான் நான் நீந்துதேன். மத்ததெல்லாம் உங்க நோட்டுக்கு."

அவர் நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு சர்ச் தெரு முறை.

அறுபத்தெட்டு வயதில் அவள் தோள் அவளோடு ஒத்துழைக்கவில்லை. நேரம் குறைவதற்குப் பதிலாகப் போட்டிக்குப் போட்டி கூடியது, முதலில் அரை விநாடி, பிறகு இரண்டு, பிறகு ஐந்து. மெடல் வந்தது, தண்ணீர் வரவில்லை, ஏனென்றால் மெடலுக்குத் தண்ணீர் கிடையாது, சாதனைக்குத்தான். எழுபது பிறந்துவிட்டால் வேறு வயதுப் பிரிவு, அங்கே இருக்கிற சாதனை இவள் நடந்தே உடைக்கிற மாதிரி இருந்தது, ஆனால் அதற்கு இன்னும் இரண்டு வருஷம் கிடந்தது. சித்திரை வெயில் ஏறியது. கடைசியாக உடைத்த சாதனையின் மிச்ச ஈரத்தில் நாளுக்கு இரண்டு குடம்தான் தேறியது. லாரி கேட்டு மனுக் கொடுத்தால், உங்கள் ஊருக்குத்தான் நீர் ஆதாரம் இருக்கிறதே என்று கோப்பைத் திறந்து காட்டினார்கள்.

அப்போதுதான் வார்டு மெம்பர் கிருஷ்ணம்மாள் ஒரு நகல் காகிதத்தோடு முற்றத்துக்கு வந்தாள். நல்ல பெண்தான், ஊருக்காக நாயாக அலைகிறவள், அவள் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"அண்ணாச்சி, மைனிக்கு எழுவது ஆயாச்சு, தெரியுமா?"

"அறுபத்தெட்டுதான?"

"அது பள்ளிக்கூடத்து வயசு. கையத் தலைக்கு மேல சுத்திக் காதத் தொடச் சொல்லி, தொட்டா அஞ்சு வயசுன்னு வாத்தியார் போட்டது. இந்தா, கிராமத்துப் பிறப்பு ரெஜிஸ்டர். பேரு சண்முகக்கனி, அப்பன் பேரு, ஆத்தா பேரு எல்லாம் சரியா இருக்கு. ரெண்டு வருசம் முந்தி."

கனி நாற்காலியில் இருந்து எழுந்திருக்காமல் சொன்னாள், "அது நான் இல்ல கிட்ணம்மா. அது எங்க அக்கா."

"அப்ப உங்களோடது எங்க மைனி?"

கனியுடையது எங்கேயும் இல்லை. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அப்பா பதியவே இல்லை, அந்தப் பேர்தான் ரெஜிஸ்டரில் இருக்கிறதே, அதையே எதற்கு இன்னொரு தடவை எழுத வேண்டும் என்று விட்டுவிட்டார். முதல் பிள்ளை போனதையும் அவர் பதியவில்லை, எந்த வாயால் போய்ச் சொல்வார் அந்த மனுஷன்.

"இந்த ஊர்ல யாருக்கு மைனி நெசமான பிறந்த நாள் இருக்கு? நான் ஜூன் ஒண்ணு, எங்க வீட்டுக்காரர் ஜூன் ஒண்ணு, எங்க மாமியாரும் ஜூன் ஒண்ணு. பேரு ஒண்ணு, பெத்தவுக ஒண்ணு. அண்ணாச்சி ஒரு கையெழுத்துப் போட்டா போதும், இது எம் பொஞ்சாதிதான்னு."

"போடாதீங்க," என்றாள் கனி. சத்தமாகச் சொல்லவில்லை. "அவளத் தண்ணி எடுத்துக்கிட்டுது. அவ பேருல நான் தண்ணிக்குள்ள போவக் கூடாது."

பால்வண்ணம் முற்றத்தைப் பார்த்தார். புதன்கிழமைக்காரர்கள், வியாழன்காரர்கள், போன வாரம் கிடைக்காமல் போனவர்கள், எல்லாரும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வைதிருந்தால் அவர் தப்பித்திருப்பார், முப்பத்திரண்டு வருஷம் வசவு வாங்கிப் பழகிய காது அது. யாரும் வையவில்லை. சும்மா நின்றார்கள். அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

கனி எழுந்து உள்ளே போனாள். மறுநாள் காலையில் பயிற்சிக்குப் பையை எடுத்து வைத்தாள், போகத்தான் செய்தாள்.

எழுபது வயதுப் பிரிவில் நூறு மீட்டருக்குப் பழைய சாதனை இரண்டு நிமிடம் இருபது விநாடி. கனி இரண்டு நிமிடம் மூன்று விநாடியில் வந்து சுவரைத் தொட்டாள். பதினேழு விநாடியை ஒரே வீச்சில் குறைத்தவள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள், எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், பால்வண்ணமும் தட்டினார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏணிப்படியில் ஏறி வந்தாள். ஏணிப்படி காய்ந்தே இருந்தது. அவள் காலடி பட்ட சிமெண்டுத் தரை காய்ந்திருந்தது, உடை காய்ந்திருந்தது, குல்லாயைக் கழற்றியதும் நரைத்த முடி காற்றில் பறந்தது. அவர் நீட்டிய துண்டை வாங்காமல் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, "வச்சுக்கோங்க" என்றாள்.

ஊர் எல்லையில் மேளம் வைத்திருந்தார்கள், இருநூறு குடம் வரிசையில் இருந்தது. பஸ் நின்றது. படிக்கட்டில் தண்ணீர் இறங்கும் என்று குனிந்து பார்த்தவர்கள் நிமிர்ந்தார்கள். அவள் இறங்கி நடந்தாள், அவள் செருப்பு கிளப்பிய புழுதியைப் பார்த்துக்கொண்டே மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள்.

வீட்டில் பால்வண்ணம் ஒரு வாளித் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார். தலையைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்பே தண்ணீர் இரண்டாகப் பிரிந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் விழுந்தது. இன்னொரு வாளி ஊற்றினார். குடித்தால் உள்ளே போயிற்று, அந்த மட்டுக்கும் விட்டுவைத்திருந்தது. மேலுக்கு ஒரு சொட்டும் ஒட்டவில்லை. உலர்ந்த துணியால் துடைத்துக்கொள்வதுதான் அதற்குப் பிறகு அவளுக்குக் குளியல். அழுதாள், கன்னம் நனையவில்லை, அதைப் பார்த்துக்கொண்டு பால்வண்ணம் அழுதார், அவர் கன்னம் எல்லாருக்கும் போலத்தான் நனைந்தது.

ஊர் அதையும் தாங்கிக்கொண்டது. தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார், பூசாரி விபூதி கொடுத்தார், இரண்டையும் பூசிப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். சைக்கிளில் குடம் கட்டிப் பக்கத்து ஊருக்குப் போகப் பழகினார்கள். சிமெண்டுத் தொட்டியில் யாரோ கோழி அடைத்தார்கள். ஐப்பசி வந்து, ஆவரம்பட்டியில் விடாமல் மழை அடைத்துப் பெய்தபோது, தீப்பெட்டி ஆபீஸ்காரர் காயாத தீக்குச்சி அடுக்கிய சட்டங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, "மைனி, நீங்க இருக்கிற எடத்துல ஈரம் அண்டாதுன்னு சொன்னாக, பக்கத்துல வச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டார். பிறகு ஈரத்துணி வந்தது, நனைந்த நெல் வந்தது, வடகம் வந்தது. எந்தத் தெரு எந்த நாளில் காயப் போடுவது என்று ஒருத்தருக்கொருத்தர் சண்டை வர, அண்ணாச்சி ஒரு முறை போட்டுக் கொடுங்க என்று கேட்டார்கள். பால்வண்ணம் நோட்டை அடுப்பில் போட்டார். அவர் செய்த ஒரே எதிர்ப்பு அது, அடுத்த நாளே கிருஷ்ணம்மாள் புது நோட்டு வாங்கி வந்துவிட்டாள்.

அவர் கைக்கு எட்டிய கதவையெல்லாம் தட்டினார். நீச்சல் சங்கத்துக்குப் போய், அது என் மனைவியின் வயது இல்லை, சாதனையை அழித்துவிடுங்கள் என்றார். அந்தப் பிறப்புப் பதிவு வேறு ஆளுடையது என்பதற்குச் சான்று கேட்டார்கள். அவர் பதிவு ஆபீசுக்குப் போனார்.

"அந்தப் பிள்ளை கெணத்துல விழுந்து செத்துப்போச்சுங்களே, அறுபத்தெட்டு, எழுவது வருசத்துக்கு முந்தி," என்றார்.

"அப்ப இறப்புச் சான்றிதழ் வேணும்," என்றார் அதிகாரி, பொறுமையான மனுஷர். "தர்றேன். ஆனா ஒண்ணு நீங்க யோசிச்சுக்கோங்க. பேரு சண்முகக்கனி, அப்பா அம்மா இவங்க. இதே பேர்ல இதே அப்பா அம்மாவுக்கு வேற பிள்ளை இருந்ததா எங்க ரெஜிஸ்டர்ல இல்லை. நீங்களே இது என் மனைவின்னு போன வருஷம் கையெழுத்து வேற போட்டிருக்கீங்க. இப்ப நான் இறந்துட்டாங்கன்னு எழுதினா, இறந்தது உங்க வீட்டம்மாதான்."

படிவத்தை நீட்டினார். இறந்தவர் பெயர் அச்செழுத்தில் இருந்தது. இறந்த விதம் என்ற இடத்தில் நீரில் மூழ்கி என்று எழுதப்பட்டிருந்தது. தகவல் தருபவர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

கனியிடம் அவர் எதையும் மறைத்ததில்லை, இதையும் சொன்னார். அவள் யோசிக்கவே இல்லை.

"போடுங்க," என்றாள். "செத்தது அவதான்னு யாராச்சும் ஒருத்தர் எழுதிக் குடுத்தாத்தான தண்ணிக்குத் தெரியும், நான் வேற ஆளுன்னு."

அவருக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கையெழுத்தில் தண்ணீர் அவளை வேண்டாம் என்று தள்ளிவிட்டது. சண்முகக்கனி நீரில் மூழ்கி இறந்தாள் என்று இன்னொரு கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு அவளைக் குளத்தில் இறக்கினால் அது என்ன செய்யும் என்று யோசித்தார். போட்டால் அவள் போய்விடுவாளோ என்று பயம். போடாவிட்டால் அவள் இப்படியே இருப்பாள். எத்தனை தெருவுக்குத் திறந்துவிட்டவர், எத்தனை தெருவுக்கு மூடியவர், இந்த ஒன்றை எந்தப் பக்கம் திருகுவது என்று அவருக்குத் தெரியவில்லை. படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், அது அங்கேயே இருந்தது.

காலையில் முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் குளத்துக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. காவலாளி பழகியவர், கேட்டைத் திறந்துவிடுவார். அவள் உடை மாற்றிக்கொண்டு வந்து, குல்லாய் போட்டு, கண்ணாடியை இறக்கி, மேடையில் குனிந்து நிற்பாள். அவர் ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு விசில் ஊதுவார். அவள் பாய்வாள். தண்ணீர் அவளை வாங்காது. பாய் விரித்த தரையில் விழுந்த மாதிரி மேலேயே கிடப்பாள், சிற்றலை அவளுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும். அப்படிக் கிடந்தபடியே கையை வீசுவாள், காலை அடிப்பாள், மூன்று வீச்சுக்கு ஒரு தடவை முகத்தைத் திருப்பி மூச்சு எடுப்பாள். வீச்சில் ஒரு பிசகு இருக்காது. போட்ட இடத்தில் இருந்து ஒரு சாண் நகர மாட்டாள்.

அன்றைக்கும் அப்படித்தான். நூறு மீட்டருக்கு எத்தனை வீச்சு என்று அவளுக்கு மனப்பாடம், அதை எண்ணி முடித்து, இல்லாத சுவரைத் தொட்டுவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"எவ்வளவுங்க?"

"ஒரு நிமிசம் ஐம்பத்தெட்டு," என்றார் பால்வண்ணம். வாட்சை அவர் பார்க்கவில்லை.

"தோள் சரியாயிட்டா இன்னும் ஒரு விநாடி குறைக்கலாம்."

"குறைக்கலாம்."

அவள் தண்ணீரின் மேல் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை, அலுப்பு மட்டும்தான் இருந்தது. காற்று அடித்துச் சிற்றலை ஒன்று கரையில் மோதி அவர் வேட்டி ஓரத்தை நனைத்தது.

"தள்ளி நில்லுங்க," என்றாள். "சட்டப்பையில இருக்கிற காகிதம் நனைஞ்சிரப் போவுது."

பால்வண்ணம் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். அவள் திரும்ப மேடை ஏறினாள், அவர் விசிலை வாயில் வைத்தார்.